மெய்நிகர் கணினிக்கு வாக்குக் கொடுப்பது யார்?

புதுச்சேரியின் காட்டேரிக்குப்பம் போன்ற ஊரில் கணினி படிக்கும் பிள்ளைகளின் வீட்டில் பெரும்பாலும் ஒரே ஒரு மடிக்கணினிதான் இருக்கும். மதகடிப்பட்டுக்கோ காலாப்பட்டுக்கோ விழுப்புரத்துக்கோ பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போய் வருகிறவர்கள் அவர்கள். லினக்ஸ் பழக வேண்டும், சர்வர் ஒன்றை நிறுவி, அதைக் கெடுத்து, மறுபடி சரிசெய்து பார்க்க வேண்டும், இரண்டு கணினிகளை இணைத்து வலைப்பின்னல் கற்க வேண்டும் என்றால், இருக்கும் ஒரு கணினிக்குள்ளேயே இன்னும் இரண்டு மூன்று கணினிகளை உருவாக்கிக்கொள்வதுதான் வழி. மெய்நிகராக்க மென்பொருள் அவர்களுக்குச் சொந்த ஆய்வுக்கூடம். இயங்குதளத்தின் மையமான கெர்னலைப் புதுப்பித்த மறுநாள் அது திறக்க மறுத்தால், நிறுவனங்களில் பார்த்துக்கொள்ள சிஸ்டம் அட்மின் இருப்பார். வீட்டில் தனியாகப் படிக்கும் மாணவிக்கு அன்றைய படிப்பு நின்றுபோகும்.

இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி இதுதான்: ஒருமுறை கம்பைல் செய்து வைத்த மெய்நிகராக்க மென்பொருள், அடியில் இருக்கும் கெர்னல் மாறிய பிறகும் அப்படியே ஓட வேண்டும் என்று எதிர்பார்க்கலாமா? அந்த உத்தரவாதத்தை யார் தருகிறார்கள், எந்த எல்லைவரை தருகிறார்கள்? கால் நூற்றாண்டு அனுபவத்தைத் தொகுத்துப் பார்த்தால் தெளிவான விடை கிடைக்கிறது. பொருத்தம் தொழில்நுட்பத்தில் தானாக அமைவதில்லை. யாரோ ஒருவர் கொடுத்து, ஆண்டுக்கணக்கில் காப்பாற்றும் வாக்கு அது. வாக்குக் கொடுக்கப்பட்ட எல்லையில் நின்ற மென்பொருள்கள் நிலைத்தன. வாக்கே இல்லாத இடத்தில் குடியேறியவை ஒவ்வொரு புதுப்பித்தலிலும் இடறின.

பைட்டுகளின் கணக்கு

மூல நிரலில் பெயர்கள் இருக்கும். கம்பைல் ஆன பைனரியில் இருப்பவை பெரும்பாலும் எண்கள். கெர்னலுக்குள் ஒரு தரவமைப்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் நமக்கு வேண்டிய சுட்டி 24-ஆவது பைட்டில் தொடங்குகிறது. கெர்னலுக்குள் செருகும் துணை நிரலான மாட்யூலைக் கம்பைல் செய்தபோது அந்த 24 என்ற எண் பைனரிக்குள் பதிந்துவிட்டது. அடுத்த கெர்னலில் யாரோ ஒருவர் நியாயமான காரணத்துக்காக நடுவில் எட்டு பைட்டுப் புலம் ஒன்றைச் சேர்க்கிறார். நமக்கு வேண்டியது இப்போது 32-ஆவது பைட்டில் இருக்கிறது. பழைய மாட்யூல் இன்னமும் 24-ஐத்தான் படிக்கும். அங்கே கிடைக்கும் ஏதோ ஓர் எண்ணை முகவரி என்று நம்பி நினைவகத்தில் எழுதப் போகும். கெர்னலுக்குள் இப்படி நடந்தால் கணினி முழுவதும் விழும். அதைவிட மோசமாக, விழாமல் தரவைக் கெடுக்கவும் கூடும்.

இதைத் தடுக்க லினக்ஸ் காவல் வைத்திருக்கிறது. ஒவ்வொரு மாட்யூலும் தான் எந்தக் கெர்னலுக்காகக் கட்டப்பட்டது என்ற அடையாள வரியைச் சுமக்கிறது. மாட்யூல் பதிப்புச் சோதனை இயக்கப்பட்டிருந்தால், வெளியிடப்பட்ட ஒவ்வொரு செயற்கூற்றுக்கும் அதன் அமைப்பிலிருந்து கணக்கிட்ட சரிபார்ப்பு எண்ணும் உண்டு. எண் ஒத்துப்போகாவிட்டால் கெர்னல் மாட்யூலை ஏற்க மறுக்கும். பயனருக்கு அது தொல்லையாகத் தெரிந்தாலும், தரவு கெடுவதற்கு முன்பே நிறுத்திவிடும் பாதுகாப்பு அது.

லினக்ஸின் இரண்டு எல்லைகள்

லினக்ஸ் கெர்னலுக்கு இரண்டு எல்லைகள் உண்டு. ஒன்று வெளி எல்லை: சாதாரண நிரல்கள் சிஸ்டம் கால் வழியாகக் கெர்னலிடம் வேலை கேட்கும் இடம். இங்கே லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் வைத்திருக்கும் விதி கறாரானது. நேற்று ஓடிய பயனர் நிரல் இன்று ஓடாவிட்டால் தவறு கெர்னலுடையது. மாற்றத்தைத் திரும்பப் பெற வேண்டும். 1990-களிலேயே வழக்கொழிந்த ஏ.அவுட் என்ற பழைய பைனரி வடிவத்துக்கான ஆதரவு எக்ஸ்86 கெர்னலிலிருந்து நீக்கப்பட்டது 2022-இல்தான். அந்த வாக்கு அவ்வளவு நீளமானது.

மற்றொன்று உள் எல்லை: கெர்னலின் மையமும் மாட்யூல்களும் சந்திக்கும் இடம். இங்கே வாக்கு எதுவும் கிடையாது. வேண்டுமென்றே கொடுக்கப்படவில்லை. கெர்னல் பராமரிப்பாளர் கிரெக் குரோவா-ஹார்ட்மன் எழுதிய விளக்கம் கெர்னல் ஆவணங்களுடனே வருகிறது. கம்பைலர் பதிப்பும் கெர்னல் கட்டமைப்புத் தேர்வுகளும் மாறினாலே தரவமைப்புகளின் இடவமைப்பு மாறும் என்பது அவரது முதல் வாதம். பிழையான உள்ளிடைமுகத்தை என்றென்றும் சுமக்காமல் திருத்தும் உரிமை வேண்டும் என்பது இரண்டாவது. யூ.எஸ்.பி. பகுதி அப்படித்தான் பலமுறை மாற்றி எழுதப்பட்டது. மாட்யூலின் மூல நிரல் கெர்னலின் சொந்த மூல நிரல் தொகுப்புக்குள் (இதை மரம் என்பார்கள்) இருந்தால், உள்ளிடைமுகத்தை மாற்றுகிறவரே அந்த மாட்யூலையும் திருத்திவிடுவார். வெளியே இருந்தால் யாரும் திருத்தித் தர மாட்டார்கள். ஒன்பது பத்து வாரங்களுக்கு ஒரு புதிய கெர்னல் வருகிறது. மரத்துக்கு வெளியே இருப்பவர் அத்தனை முறையும் ஓடிப் பிடிக்க வேண்டும்.

மெய்நிகராக்க மென்பொருள் இந்த இரண்டில் எந்த எல்லையில் நிற்கிறது என்பதே மீதிக் கதை முழுவதையும் தீர்மானிக்கிறது.

உள்ளே ஏன் போக வேண்டியிருந்தது?

ஐ.பி.எம். நிறுவனம் 1960-களிலேயே பெருங்கணினிகளில் மெய்நிகர் கணினிகளை ஓட்டியது. ஒரு செயலியை எளிதில் மெய்நிகராக்க அதன் கட்டளைகள் எப்படி இருக்க வேண்டும் என்று 1974-இல் போபெக்கும் கோல்ட்பர்க்கும் இலக்கணம் வகுத்தார்கள். கணினியின் நிலையைத் தொடும் கட்டளையை அதிகாரம் இல்லாத நிரல் இயக்கினால், செயலி உடனே நிறுத்தி மேற்பார்வையாளரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது அதன் சாரம். நம் மேசைகளில் இருந்த எக்ஸ்86 செயலிகள் இந்த இலக்கணத்துக்கு உட்படவில்லை. பென்டியம் செயலியில் இதை மீறும் கட்டளைகள் பதினேழு என்று 2000-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. அவற்றில் ஒன்றான 'பாப்எஃப்', அதிகாரம் இல்லாத இடத்தில் இயக்கப்பட்டால் பிழை காட்டாமல், இடையீடுகளை இயக்கும் நிறுத்தும் பகுதியை மட்டும் சத்தமில்லாமல் விட்டுவிடும். மெய்நிகர் கணினிக்குள் ஓடும் கெர்னல் தான் இடையீட்டை நிறுத்திவிட்டதாக நம்பும்; உண்மையில் எதுவும் நடந்திருக்காது.

1998-இல் தொடங்கப்பட்ட விஎம்வேர், விருந்தினர் கெர்னலின், அதாவது மெய்நிகர் கணினிக்குள் ஓடும் கெர்னலின், இத்தகைய கட்டளைகளை ஓடும்போதே பாதுகாப்பான வேறு கட்டளைகளாக மாற்றி எழுதி இதைக் கடந்தது. அதற்குச் செயலியின் உச்ச அதிகாரம் வேண்டும். அந்த அதிகாரம் கெர்னலுக்குள்தான் கிடைக்கும். ஆகவே விஎம்வேர் 'விஎம்மான்' என்ற மாட்யூலையும், பின்னால் வந்த விர்ச்சுவல்பாக்ஸ் 'விபாக்ஸ்டிரவ்' என்ற மாட்யூலையும் கெர்னலுக்குள் செருகின. வாக்கு இல்லாத எல்லைக்குள் அவை போனது அன்றைய செயலி வேறு வழி விடாததால்தான்.

வெளி மாட்யூல் பட்ட பாடு

உள்ளே போன பிறகு விலை கொடுக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு கெர்னலுக்கும் மாட்யூலை மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். இதைத் தானியங்கியாக்க டெல் நிறுவனப் பொறியாளர்கள் டி.கே.எம்.எஸ். என்ற கருவியை எழுதினார்கள். கெர்னல் மாறும்போதெல்லாம் அது மாட்யூலை மூல நிரலிலிருந்து புதிதாகக் கட்டித் தரும். பைனரிப் பொருத்தம் இல்லாத குறையை மூல நிரல் கொண்டு ஈடுசெய்யும் உபாயம் இது. கம்பைலரும், அந்தக் கெர்னலுக்கே உரிய ஹெட்டர் கோப்புகளும் கணினியில் இருந்தால்தான் நடக்கும். செக்யூர் பூட் இயங்கும் கணினியில் இன்னொரு படியும் உண்டு. புதிதாகக் கட்டிய மாட்யூலில் கையெழுத்திட வேண்டும். அந்தச் சாவியை, கணினி தொடங்கும்போது வரும் நீலத் திரையில் பயனரே பதிவு செய்ய வேண்டும். அந்தத் திரையைப் பார்த்துப் பயந்து பின்வாங்குகிறவர்கள் ஏராளம்.

மூல நிரலே பொருந்தாமல் போகும் நேரங்களும் உண்டு. 2020-இல் வந்த 5.7 கெர்னல், வெளி மாட்யூல்கள் பல ரகசிய வாசலாகப் பயன்படுத்திய பெயர் தேடும் செயற்கூறு ஒன்றை மூடியது. 2024 நவம்பரில் வந்த 6.12 கெர்னலின் கதை இன்னும் தெளிவான பாடம்.

இன்டெல் செயலியின் மெய்நிகராக்க வசதியை ஒரு நேரத்தில் ஒருவர்தான் கையில் வைத்திருக்க முடியும். லினக்ஸின் சொந்த மெய்நிகராக்கப் பகுதியான கே.வி.எம்., முதல் மெய்நிகர் கணினி உருவாகும்போதுதான் அதுவரை இந்த வசதியை எடுத்துக்கொண்டிருந்தது. 6.12-இலிருந்து மாட்யூல் ஏற்றப்பட்ட கணமே எடுத்துக்கொள்கிறது. முதல் மெய்நிகர் கணினி தொடங்கும் தாமதம் இதனால் குறைகிறது. கே.வி.எம். பெரும்பாலான கணினிகளில் தானாகவே ஏற்றப்படுவதால், விர்ச்சுவல்பாக்ஸ் திறந்து 'ஸ்டார்ட்' அழுத்தினால், வி.டி-எக்ஸ். எனப்படும் அந்த இன்டெல் வசதி ஏற்கெனவே வேறொருவர் கையில் இருக்கிறது என்ற பொருளில் பிழைச்செய்தி வந்து நிற்கும். மாட்யூல் சரியாகக் கம்பைல் ஆகியிருக்கும். சரிபார்ப்பு எண்களும் ஒத்துப்போயிருக்கும். பைட்டுக் கணக்கில் பிழையே இல்லை. மாறியது நடத்தை மட்டும். வெளி ஹைப்பர்வைசர்களுக்கு, அதாவது மெய்நிகர் கணினிகளை ஓட்டும் பிற மென்பொருள்களுக்கு, இது இடையூறாகலாம் என்று கெர்னல் ஆவணமே எழுதிவைத்திருக்கிறது. கே.வி.எம். மாட்யூலை இறக்கினாலோ, ஏற்றும்போதே எடுத்துக்கொள்ளாதே என்று தொடக்க அளவுரு கொடுத்தாலோ சிக்கல் தீரும். 2025 ஆகஸ்டில் வெளியான, டெபியன் என்ற லினக்ஸ் வழங்கலின் 13-ஆம் பதிப்பிலுள்ள கெர்னல் இதே 6.12 வரிசைதான். அதற்கு மேம்படுத்திக்கொண்டவர்கள் பலர் இந்தச் செய்தியைத் திரையில் பார்த்திருப்பார்கள்.

வாக்குள்ள எல்லைக்கு மாறிய கதை

இன்டெல் 2005-இலும் ஏ.எம்.டி. 2006-இலும் செயலியிலேயே மெய்நிகராக்க ஆதரவைக் கொண்டுவந்ததும், கட்டளைகளை மாற்றி எழுதும் கட்டாயம் போய்விட்டது. 2006 இறுதியில் குவாம்ரானெட் நிறுவனத்தின் அவி கிவிட்டி வெளியிட்ட கே.வி.எம்., 2007 பிப்ரவரியில் 2.6.20 கெர்னலிலேயே இடம்பிடித்தது. அதன் வடிவமைப்பில்தான் நம் கேள்விக்கான விடை இருக்கிறது. உச்ச அதிகாரம் தேவைப்படும் சிறு பகுதி மட்டும் கெர்னல் மரத்துக்குள். வட்டு, திரை, வலைப்பின்னல் அட்டை என மற்ற அனைத்தையும் கியூஎமு போன்ற சாதாரணப் பயனர் நிரல் பார்த்துக்கொள்கிறது. இரண்டும் சந்திப்பது 'கே.வி.எம்.' என்ற ஒரே சாதனக் கோப்பில்.

கியூஎமு அந்தக் கோப்பைத் திறந்து பதிப்பு எண்ணைக் கேட்கும். விடை 12. அந்த எண் 2007-இலிருந்து மாறவேயில்லை. இனியும் மாறும் என்று எதிர்பார்க்க வேண்டியதில்லை என்று ஆவணமே சொல்கிறது. புதிய வசதி வேண்டுமானால் பெயர் சொல்லி இருக்கிறதா இல்லையா என்று கேட்டுக்கொள்ளலாம். உள் எல்லையில் எத்தனை தரவமைப்பு மாறினாலும் கே.வி.எம்-இன் உட்பகுதியும் சேர்ந்தே திருத்தப்படும். வெளி எல்லையில் டோர்வால்ட்ஸின் விதி காக்கும். கெர்னல் மாறிய மறுநாளும் மெய்நிகர் கணினி திறக்கிறது என்றால் காரணம் இந்த இடத்தேர்வுதான்.

இப்போது மற்றவர்களும் இதே இடத்துக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். ஜெர்மனியின் சைபரஸ் டெக்னாலஜி 2024-இல், விர்ச்சுவல்பாக்ஸின் முகத்தை அப்படியே வைத்துக்கொண்டு அடியில் கே.வி.எம்-ஐப் பயன்படுத்தும் பதிப்பைத் திறந்த மூலமாக வெளியிட்டது. அதே ஆண்டு, விஎம்வேர் வொர்க்ஸ்டேஷனையும் கே.வி.எம். மேல் ஓட்டும் வேலை நடப்பதாக அதன் பொறியாளர்களே கெர்னல் சமூகத்திடம் தெரிவித்தார்கள்.

லினக்ஸுக்கு வெளியேயும் இதே திசைதான். விண்டோஸ் 10-இல் மைக்ரோசாஃப்டின் சொந்த ஹைப்பர்வைசரான ஹைப்பர்-வி இயங்கினால் மற்ற மெய்நிகராக்க மென்பொருள்கள் முடங்கின. மைக்ரோசாஃப்ட் 2018-இல் பயனர் நிரல்களுக்கான ஹைப்பர்வைசர் இடைமுகத்தைத் திறந்தது. 2020-இல் விஎம்வேர் அதன் மேல் ஏறியது. விர்ச்சுவல்பாக்ஸும் அந்த வழியில் ஓடும். அப்போது அதன் சாளரத்தின் கீழ்ப்பட்டையில் ஆமைச் சின்னம் தெரியும், வேகம் குறையலாம் என்பதற்கு அடையாளமாக. ஆப்பிள் 2014-இலேயே மேக்கில் ஹைப்பர்வைசர் இடைமுகத்தைக் கொடுத்து, பின்னர் மூன்றாம் தரப்பினரின் கெர்னல் நீட்சிகளைப் படிப்படியாக வெளியேற்றியது. ஒன்றோடொன்று போட்டியிடும் மூன்று இயங்குதளங்களும் தனித்தனி வழியில் ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன.

விருந்தினர் பக்கத்தின் பொருத்தம்

இதுவரை பேசியது வெளிக் கணினியின் கெர்னல் பற்றி. உள்ளே ஓடும் கெர்னலுக்கும் ஹைப்பர்வைசருக்கும் இடையிலும் ஓர் எல்லை இருக்கிறது. 2003-இல் கேம்பிரிட்ஜில் உருவான சென் என்ற ஹைப்பர்வைசர், விருந்தினர் கெர்னலையே திருத்தி, தன்னுடன் ஒத்துழைக்க வைத்தது. வேகம் கிடைத்தது; திருத்த முடியாத விண்டோஸை ஓட்ட வழியில்லை. சென் ஹைப்பர்வைசரை நிர்வகிக்கும் பக்கத்துக்கான ஆதரவு முதன்மைக் கெர்னலில் முழுமையாகச் சேர 2011 ஆயிற்று. விஎம்வேர் முன்வைத்த வி.எம்.ஐ. என்ற பைனரி இடைமுகம், செயலி வசதிகள் வளர்ந்ததும் தேவையற்றுப்போய், 2.6.37 கெர்னலில் நீக்கப்பட்டது. ஒரே நிறுவனம் தாங்கும் இடைமுகத்தின் ஆயுள் அவ்வளவுதான்.

நிலைத்தது விர்ட்ஐஓ. ரஸ்டி ரஸ்ஸல் தொடங்கிய இந்த ஏற்பாட்டில் வட்டும் வலைப்பின்னலும் எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லாத பொது வரையறையில் பேசுகின்றன. 2016-இல் அதன் முதல் பதிப்பு ஓயாசிஸ் என்ற தரநிலை அமைப்பின் தரநிலையாயிற்று. பழைய விருந்தினர் புதிய ஹைப்பர்வைசரிலும், புதிய விருந்தினர் பழையதிலும் ஓடுகின்றன. மைக்ரோசாஃப்டே 2009-இல் ஹைப்பர்-வியில் லினக்ஸ் ஓடுவதற்கான ஏறத்தாழ இருபதாயிரம் வரி டிரைவர்களை ஜி.பி.எல். உரிமத்தில் கெர்னலுக்குக் கொடுத்தது. வெளியே வைத்துப் பராமரிப்பதைவிட மரத்துக்குள் வைப்பதே லாபம் என்பதை அந்த நிறுவனமே ஏற்றுக்கொண்டது.

இந்த வேலையில் இந்தியக் கைகளும் உண்டு. பூட்டுக்காகக் காத்திருக்கும் மெய்நிகர் செயலி வீணாகச் சுற்றாமல் இடம் விடச் செய்யும் திருத்தங்களை ஸ்ரீவத்ஸா வடகிரி, ராகவேந்திரா கே.டி. உள்ளிட்ட ஐ.பி.எம். பொறியாளர்கள் எழுத, 2013-இல் 3.12 கெர்னலில் அவை கே.வி.எம்-க்காகச் சேர்ந்தன.

உறைய வைக்கலாமா?

உள் எல்லைக்கும் வாக்குக் கொடுத்தால் என்ன என்ற வாதமும் உண்டு. அதைத் தள்ளிவிட முடியாது. ரெட் ஹாட் தன் ஒவ்வொரு பெரும் பதிப்பிலும் குறிப்பிட்ட செயற்கூறுகளின் பைனரி வடிவம் பதிப்பின் ஆயுள் முழுவதும் மாறாது என்று பட்டியலிட்டு உறுதி தருகிறது. கூகுள் 5.10 கெர்னலிலிருந்து ஆண்ட்ராய்டு மாட்யூல்களுக்கு நிலையான இடைமுகத்தை உறையவைக்கிறது. நம் கையிலிருக்கும் செல்பேசிகளின் பாதுகாப்புத் திருத்தங்கள் விரைந்து வர அது உதவுகிறது. இரண்டுக்கும் பின்னால் சம்பளம் வாங்கும் பெரும்படை இருக்கிறது. புதிய திருத்தங்களைப் பழைய வடிவம் கெடாமல் பின்னோக்கிப் பொருத்துவது அவர்களுடைய அன்றாட வேலை. வாக்கைக் காப்பாற்ற ஆள் இருக்கும் இடத்தில்தான் உறைய வைப்பது நியாயம்.

வேறொரு கெர்னலின் பைனரியைத் தன் கெர்னலில் நேரடியாக ஓட்டும் முயற்சிகளும் இந்த ஆய்வுக்குள் வரும். விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்ட 1993-இல் தொடங்கிய வைன் இன்றும் வாழ்கிறது. மைக்ரோசாஃப்ட் 2016-இல் விண்டோஸ் கெர்னலிலேயே லினக்ஸ் சிஸ்டம் கால்களுக்கு விடைசொல்லப் பார்த்தது. கோப்பு வேகம் போதவில்லை. டாக்கர் போன்றவை ஓடவில்லை. 2019-இல் அறிவித்த அந்த ஏற்பாட்டின் இரண்டாம் பதிப்பில், மெய்நிகர் கணினிக்குள் உண்மையான லினக்ஸ் கெர்னலையே வைத்துவிட்டது. ஒரு கெர்னலின் முழு நடத்தையையும் நடித்துக்காட்டுவதைவிட, அந்தக் கெர்னலையே ஓட்டுவது எளிது என்பதற்கு இதைவிடப் பெரிய ஒப்புதல் வேண்டியதில்லை.

நம் ஊருக்கு என்ன பொருள்?

சி-டாக் என்ற மத்திய அரசு நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கி 2007-இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸ், டெபியனை அடிப்படையாகக் கொண்டது. 2011 செப்டம்பரில் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸுடன் அதுவும் இருந்தது. 2023 ஜனவரியில் நமக்குப் பக்கத்திலுள்ள விழுப்புரத்தில் மினி டெப்கான்ஃப் என்ற டெபியன் கூட்டம் நடந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் உலக டெபியன் மாநாடு கொச்சிக்கு வந்தது. புதுச்சேரி, விழுப்புரம் வட்டாரத்தில் கட்டற்ற மென்பொருள் பழகும் இளைஞர்கள் பலர் நிற்பது இந்த டெபியன் மரத்தடியில். ஆகவே டெபியனின் முடிவுகள் நம் வீட்டுக் கணினிவரை வந்து சேர்கின்றன. டெபியன் 13-இல் 32 பிட் எக்ஸ்86-க்குக் கெர்னலும் நிறுவியும் கிடையாது. அதே நேரம், 2038-ஆம் ஆண்டின் நேரச் சிக்கலுக்காக மற்ற 32 பிட் கட்டமைப்புகளில் நேரப் புலத்தை அகலமாக்கியபோது, பழைய எக்ஸ்86 நிரல்கள் ஓட வேண்டும் என்பதற்காக அதை மட்டும் மாற்றாமல் விட்டார்கள். ஒரு வாக்கைக் காப்பாற்றினார்கள், இன்னொன்றைக் கைவிட்டார்கள்; இரண்டையும் வெளிப்படையாகச் சொல்லிச் செய்தார்கள்.

இதிலிருந்து நம் கல்லூரி ஆய்வுக்கூடங்களும் தன்னார்வக் குழுக்களும் எடுக்க வேண்டிய நடைமுறை முடிவுகள் உண்டு. லினக்ஸ் கணினியில் மெய்நிகராக்கம் கற்பிக்கும்போது கே.வி.எம்-ஐயும் அதன் முகமான விர்ட்-மேனேஜரையும் முதல் பாடமாக வையுங்கள். செயலியின் விவரக் கோப்பில் இன்டெலாக இருந்தால் வி.எம்.எக்ஸ்., ஏ.எம்.டி-யாக இருந்தால் எஸ்.வி.எம். என்ற சொல் இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். சொல் இல்லாவிட்டாலோ, இருந்தும் வேலை செய்யாவிட்டாலோ, பயாஸில் அந்த வசதி அணைத்துவைக்கப்பட்டிருக்கலாம். விருந்தினர் கணினியின் வட்டுக்கும் வலைப்பின்னலுக்கும் விர்ட்ஐஓவைத் தேர்ந்தெடுங்கள். பாடத்திட்டம் விர்ச்சுவல்பாக்ஸைத்தான் கேட்கிறது என்றால், நீண்டகால ஆதரவுள்ள ஒரு கெர்னல் வரிசையிலேயே ஆய்வுக்கூடம் முழுவதையும் வைத்து, ஒரு கணினியில் சோதித்த பிறகே மற்றவற்றைப் புதுப்பியுங்கள். பாதுகாப்புப் புதுப்பிப்பை ஒருபோதும் நிறுத்தாதீர்கள். மெய்நிகர் கணினி கெட்டுவிடும் என்ற பயத்தில் பழைய கெர்னலிலேயே தங்கிவிடுவது, பொருத்தமின்மை நம்மிடம் பறிக்கும் மிகப் பெரிய விலை.

கெர்னலை எழுதுகிறவரே மெய்நிகராக்கத்தின் மையத்தையும் வைத்திருப்பார் என்ற இன்றைய ஏற்பாட்டில் அதிகாரம் ஓரிடத்தில் குவிகிறது என்ற கவலை எனக்கும் உண்டு. மேக்கிலும் விண்டோஸிலும் அந்தச் சாவி ஒரு நிறுவனத்தின் கையில் இருக்கிறது. எதைத் திறப்பது, எதை மூடுவது என்பதை அது மட்டுமே முடிவு செய்யும். லினக்ஸில் கே.வி.எம்-இன் ஒவ்வொரு வரியும் திறந்து கிடக்கிறது. 6.12-இல் எது மாறியது, ஏன் மாறியது, எந்த அளவுருவால் பழைய நடத்தையைத் திரும்பப் பெறலாம் என்பது வரை காட்டேரிக்குப்பத்தில் உட்கார்ந்திருக்கும் மாணவியும் தானே படித்துத் தெரிந்துகொள்ள முடியும். படிப்பதற்கு அவள் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அவளுக்கு மெய்நிகராக்கம் கற்பிக்கிறவர்கள் மென்பொருளின் வசதிப் பட்டியலோடு நிறுத்தாமல், அது எந்த எல்லையில் நிற்கிறது, அங்கே யார் வாக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும். அடுத்த கெர்னல் வரும்போது பிழைச்செய்தியைப் படித்து, காரணத்தைத் தேடிப் போகும் திறன் அந்தப் பாடத்தில்தான் பிறக்கும்.